படுத்திருந்த தூசு

அத்தியாயம் ஆறு

துப்பறியும் டொலறஸுக்குக் கோபம் வந்தால் லண்டன் மோர்டன் ஸ்ரேசனில் நிற்கிற ரயில் சாரதி ஏறுமுன்பே புறப்பட்டுவிடும் என்று ஒரு கதை உண்டு. கதையைக் கிளப்பிவிட்டவர் அவருடைய உதவியாளர் அம்பலவாணன். ஆனால் அந்த மார்ச் மாத வியாழக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு, டொலறஸ் மேசையில் குத்திய குத்தில் தேநீர்க் கோப்பை மூன்று அங்குலம் எழும்பி, அங்கேயே நின்று யோசித்துவிட்டுத் திரும்ப இறங்கியது. இது கதை அல்ல. அம்பலவாணனின் காற்சட்டையில் அந்தத் தேநீர்க் கறை இன்னும் இருக்கிறது.

"இன்னொருக்காச் சொல்லு பிள்ளை. அந்தாள் உன்னைப் பற்றி என்ன சொல்லித் திரியுது?"

எதிரே இருந்த றொசாந்திக்கு இருபத்தேழு வயது. குரோய்டனில் சச்சிதானந்தன் என்ற குடிவரவு ஆலோசகரின் அலுவலகத்தில் நான்கு வருடம் தட்டச்சு, தொலைபேசி, தேநீர் மூன்றையும் தனியாளாகப் பார்த்தவள். ஒன்பது நாளுக்கு முன் வேலையிலிருந்து துரத்தப்பட்டவள்.

"கொம்பியூட்டருக்குள்ள வக்கூம் கிளீனரை விட்டு எரிச்சுப்போட்டனாம், அன்ரி. மாமான்ர வாக்குமூலமும் அதோட எரிஞ்சுதாம். அதுவும் வேணுமெண்டு செய்தனானாம். பிழையாய் ரைப் பண்ணினதை மறைக்கிறதுக்கு!"

மாமாவும் அதே அறையில்தான் இருந்தார். பெயர் சவிரிமுத்து. மன்னார் பேசாலைக் கடலில் முப்பது வருடம் வலை வீசியவர். இப்போது கதிரையைத் திருப்பிப் போட்டு, தன் அக்காவின் மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய கலண்டரை முறைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒன்பது நாளாக ஒரு சொல் இல்லை. அந்த முறைப்பில் கலண்டரின் மார்ச் மாதம் வெட்கப்பட்டு ஏப்ரல் மாதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"சவிரியண்ணை, நீங்கள் சொல்லுங்கோ," என்றார் டொலறஸ்.

"என்னத்தைச் சொல்ல? நான் சொன்னது கடல். குரோய்டனில அந்தப் பெரிய கட்டிடத்தில இருந்த ஒபிசர் வாசிச்சது புகையிலைத் தோட்டம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போறனீரோ எண்டு கேட்டான். ஐயா, நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குத்தான் போறனான், எனக்குத் தோட்டமும் இல்லை துரவும் இல்லை எண்டன். அப்ப எழுத்தில இருக்கிறது பொய்யோ, வாயால சொல்லுறது பொய்யோ எண்டு கேட்டு, ரெண்டும் பொய்யெண்டு முடிவெழுதிப்போட்டான்!"

"நான் ரைப் பண்ணினது மாமா சொன்னதை!" றொசாந்தி எழும்பிவிட்டாள். "ஒரு சொல்லும் மாத்தேல்ல. திகதியோட அந்தக் கொம்பியூட்டருக்குள்ள கிடந்தது. பிரதி எடுக்க அந்தாள் விடாது. கட்சிக்காரரின்ர ரகசியமாம். அச்சடிச்சதும் அந்தாளிட்டத்தான்."

சவிரிமுத்து கதிரையைச் சுவருக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார்.

சங்கதி இவ்வளவுதான். புதிய வழக்கறிஞர் ஒருவர் சவிரிமுத்துவின் அகதி வழக்கு மேன்முறையீட்டை எடுத்திருக்கிறார். பிழை அலுவலகத்தில் நடந்தது, சவிரிமுத்து ஆரம்பத்திலிருந்தே கடலைத்தான் சொன்னார் என்று காட்ட, முதல் நாள் தட்டச்சு செய்த வாக்குமூலம் அதன் திகதியோடு வேண்டும். இன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் வேண்டும். ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு வந்தால், அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான் பயன்.

டொலறஸ் கண்ணாடியைக் கழற்றினார். இது கெட்ட சகுனம், அடுத்தவருக்கு. ஜேர்மனியில் டோட்முண்ட் நகரத்து ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் அழுக்குப் பிரித்த மனுசி அவர். ஒரு படுக்கை விரிப்பைப் பார்த்தால் எந்த வார்டு, மத்தியானம் என்ன சூப், நோயாளிக்கு மாமியாரோடு ஒத்துப்போகுமா என்பது வரை சொல்லிவிடுவார். லண்டனுக்கு வந்து துப்பறியத் தொடங்கியபோது அவர் புதிதாகப் படித்தது ஆங்கிலம் மட்டும்தான்.

"உண்மையைச் சொல்லு. வக்கூம் பிடிச்சனீயோ?"

"வக்கூமோ!" றொசாந்தியின் குரலில் யன்னல் கண்ணாடி நடுங்கியது. "நூலகத்தில ஒருநாள் வகுப்புக்குப் போய்ப் படிச்சுப்போட்டுச் செய்தனான் அன்ரி! மெசின் சூடாகி இரைஞ்சு கொண்டிருந்தது. முதல் ஷட்டவுண் பண்ணினன். சுவரில ஸ்விச்சை நிப்பாட்டி, வயரைக் கழட்டினன். பிறகு முன்னுக்கு இருக்கிற பவர் பட்டினைப் பத்து செக்கன் அமத்திப் பிடிச்சன்."

"வயரைக் கழட்டின பிறகு பட்டினை ஏன் அமத்திறாய்?" என்றார் அம்பலவாணன்.

"உள்ளுக்குக் கொஞ்சம் கரண்ட் மிச்சம் நிக்கும் அங்கிள். அது இறங்கவேணும்."

"சரிதான். நான் இருபத்திரண்டு வருசம் பஸ் ஓடினனான். எஞ்சினை நிப்பாட்டினாலும் உள்ளுக்குச் சனம் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டுதான் இருக்கும்."

"அம்பலண்ணை, வாயை நிப்பாட்டுங்கோ. நீ சொல்லு."

"பின்பக்கத்துக்குக் காத்தோட்டமாய்க் கொண்டு போனன். உள்ளுக்குக் கை வைக்க முதல் வெறும் இரும்பைத் தொட்டன். எங்கட உடம்பில இருக்கிற ஸ்டாட்டிக் கரண்ட் பாஞ்சாலே சிப் செத்துப்போம். காத்து அடைச்ச டின்னை நிமித்திப் பிடிச்சு, புஸ் புஸ் எண்டு கொஞ்சங் கொஞ்சமாய் அடிச்சன். சரிச்சால் டின் ஐஸ் மாதிரித் தண்ணியைக் கக்கும். விசிறி காத்துக்குச் சுத்தினாலும் பழுதாகும், அதால பென்சிலால தடுத்துப் பிடிச்சன். வக்கூம் பிடிச்சால் ஸ்டாட்டிக் வருமெண்டு வகுப்பில முதல் பாடமே அதுதான்! பூட்டிப் போட்டுப் பாத்தன், பூனை நித்திரை கொள்ளுற மாதிரிச் சத்தமில்லாமல் ஓடிச்சுது. அடுத்தநாள் காலமை போறன், மேசையில செத்துக் கிடக்கு. பக்கத்தில வக்கூம் கிளீனரை வச்சுக்கொண்டு அந்தாள் மாமாவுக்குக் காட்டிக்கொண்டு நிக்குது."

"கண்ணால கண்டனான்," என்றது முதுகு. ஒன்பது நாளில் அது மருமகளைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம். அதுவும் கலண்டருக்குத்தான்.

டொலறஸ் கண்ணாடியைத் திரும்பப் போட்டார்.

"எழும்புங்கோ எல்லாரும். செத்த வீட்டுக்குப் போவம். பிரேதத்தைப் பாக்காமல் நான் அழமாட்டன்."

*

மோர்டன் றோட்டில் ட்ராம் ஏறினார்கள். முன் இருக்கையில் சவிரிமுத்து. பின் இருக்கையில் றொசாந்தி. நடுவில் இருபது பயணிகள், இரண்டு தள்ளுவண்டி, ஒரு நாய். மாமனும் மருமகளும் விட்ட அனலில் நாய் இரண்டு தரிப்பிடம் முன்னதாகவே இறங்கிப்போனது.

"அந்தாள் ஏன் இப்பிடிச் செய்யவேணும்?" அம்பலவாணன் மெதுவாகக் கேட்டார். "பிள்ளையில என்ன கோவம்?"

"பிள்ளையில இல்லை அண்ணை. அந்தக் கொம்பியூட்டர் பேசக் கூடாது. அதுதான் விசயம். ஆனால் விசயம் தெரிஞ்சு பிரயோசனமில்லை. மெசின் வேணும்."

"செத்த மெசினை வச்சு என்ன செய்யப்போறீர்?"

"அது செத்துதோ, சாகடிச்சதோ, இல்லாட்டி வேற ஆரும் செத்துக்கிடக்கினமோ எண்டு பாக்கவேணும்."

சச்சிதானந்தனின் அலுவலகம் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருந்தது. அம்பலவாணன் கணக்குப்படி அது பதினேழாம் மாடி. கதவைத் திறந்ததும் கற்பூர வாசம். மூலையில் முழங்கால் உயரப் பலகை. அதற்கு மேல் சிவப்புப் பட்டு விரித்த ஒரு மேடை. மேடையில் சின்னதாய் ஒரு சரஸ்வதி படம், பக்கத்தில் எரிகிற விளக்கு. சுற்றிலும் எங்கே பார்த்தாலும் பொட்டு. ஒக்டோபரில் சரஸ்வதி பூசை வந்தால் தொழிற் சாமான்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது எல்லாரும் செய்வதுதான். சச்சிதானந்தன் அதில் மகாசூரர். போட்டோக் கொப்பி மெசினுக்குப் பொட்டு. தேநீர்க் கேத்திலுக்குப் பொட்டு. ஸ்டேப்ளருக்குப் பொட்டு. தீயணைக்கிற சிலிண்டருக்கு நாமம் போல நீளப் பொட்டு. பூசையன்று அந்த அறையில் அரை நிமிடம் அசையாமல் நின்றால் உங்களுக்கும் ஒன்று விழும்.

அவர் ஐம்பத்தைந்து வயது மனிதர். கழுத்துப்பட்டி நேராக இருந்தது. அது ஒன்றுதான் நேராக இருந்தது.

"சவிரியண்ணை தன்ர ஃபைலை எடுக்க வந்திருக்கிறார்," என்றார் டொலறஸ். "கட்சிக்காரருக்கு அந்த உரிமை இருக்கு."

"ஐயோ அக்கா, எரிஞ்சதுக்குள்ள என்னத்தை எடுக்கிறது?" சச்சிதானந்தன் நெஞ்சில் கை வைத்தார். "இந்தப் பிள்ளை வாசல் மிதிக்கக் கூடாது எண்டு சொன்னனான். சரி, வந்ததுதான் வந்திட்டியள், நீங்களே பாருங்கோ. நான் ஒண்டையும் மறைக்கிற ஆளில்லை."

மேசையில் கறுப்புக் கணினிப் பெட்டி கிடத்தப்பட்டிருந்தது. காலில் இரண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்டாததுதான் குறை. வெளிப்புறம் ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று இருந்தது. முன்பக்கத்துப் பவர் பட்டினில் மட்டும், வட்டமாகக் காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும்.

"ஆகா!" அம்பலவாணன் குனிந்து பார்த்தார். "வடிவான பொட்டு. மணவறைக்கு வாற பொம்பிளை மாதிரி. என்ர மனிசியின்ர பொட்டு கூட மத்தியானத்துக்கிடையில கலைஞ்சுபோம்."

"சரஸ்வதி பூசைக்கு வச்சது," என்றார் சச்சிதானந்தன் பெருமையாக. "கலைமகளுக்கு வச்ச பொட்டை நான் துடைக்கமாட்டன்."

டொலறஸ் பொட்டைப் பார்த்தார். றொசாந்தியின் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தார். பிறகு, "அம்பலண்ணை, மூடியைக் கழட்டுங்கோ," என்றார்.

அம்பலவாணன் எந்தப் பயணத்துக்கும் திருப்புளியில்லாமல் புறப்படமாட்டார். முதலில் இரும்பைத் தொட்டார். "படிச்சதை மறக்கக் கூடாது," என்று றொசாந்தியைப் பார்த்துச் சொல்லிவிட்டு இரண்டு திருகாணியைக் கழற்றி மூடியை எடுத்தார்.

உள்ளே தூசு. ஆனால் என்ன தூசு! சாம்பல் நிறத்தில், விரல் தடிப்பில், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை விரித்த தூசு. அதற்குள் ஆடு மேய்க்கலாம். சச்சிதானந்தனின் முகம் மலர்ந்தது.

"பாத்தியளோ! பாத்தியளோ! இதுதான் இந்தப் பிள்ளை துப்பரவாக்கின லட்சணம்!"

"சேர்!" றொசாந்தி பாய்ந்தாள். "நான் துப்பரவாக்கின மெசினில மயிர்க்கால் அளவு தூசும் இல்லை!"

"கொஞ்சம் பொறு பிள்ளை," என்றார் டொலறஸ். குரல் இறங்கியிருந்தது. அம்பலவாணன் ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தார். டொலறஸ் கத்தும்போது பயமில்லை, குரல் இறங்கினால்தான் பயம். "சச்சிதானந்தன் தம்பி, அவள் வக்கூம் பிடிச்சவள் எண்டுதானே சொன்னீர்?"

"ஓம் அக்கா. உறிஞ்சி எடுத்துப்போட்டாள்."

"உங்கட வக்கூம் தூசை உறிஞ்சுமோ, துப்புமோ?"

சச்சிதானந்தன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து ஒரு கணினியின் வயிற்றுக்குள் அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது.

"அது... ஒன்பது நாளில திரும்பப் படிஞ்சிருக்கும்."

"ஒன்பது நாளில இவ்வளவோ!" என்றார் அம்பலவாணன். "ஐயா, நீங்கள் நடத்துறது அலுவலகமோ, சீமெந்துத் தொழிற்சாலையோ?"

"நான் பத்தொன்பது வருசம் உடுப்புக் காய வைக்கிற மெசினுகளோட மாரடிச்சனான்," டொலறஸ் தொடர்ந்தார். "ஓடுற மெசினில தூசு நிண்டுகொண்டிருக்கும். விசிறி இழுக்கிற பக்கமெல்லாம் போய் அப்பிக்கொண்டு, அட்டை மாதிரி. ஓடாத மெசினில தூசு படுத்திருக்கும். மேலயிருந்து விழுந்த இடத்தில விழுந்தபடி. விசிறியின்ர இதழைப் பாரும். மேல் பக்கம் மெத்தை, கீழ் பக்கம் சுத்தம். இது சுத்தின விசிறியோ? இந்தத் தூசு வருசக்கணக்காய்ப் படுத்துக்கிடக்கு தம்பி. குறட்டை மட்டும்தான் கேக்கேல்ல."

வாசலோரச் சுவரைப் பார்த்தபடி நின்ற சவிரிமுத்து முதல் தடவையாக முகத்தைத் திருப்பினார். மருமகள் பக்கம் அல்ல. கணினியின் பக்கம்.

"றொசாந்தி, நீ காலமையில கொம்பியூட்டரை எதால போடுறனீ?"

"விரலாலதான் அன்ரி."

"பூசைக்கு வச்ச பொட்டு?"

"அது ரெண்டாம் நாளே என்ர விரலோட போயிடும். சேர் ஒவ்வொரு வருசமும் அதுக்கு ஏசுறவர்."

"கேட்டீங்களோ அம்பலண்ணை? ஒக்டோபரில இருந்து ஒவ்வொரு வேலை நாளும் அவள் அமத்தின பட்டின். துப்பரவாக்கின அண்டைக்குப் பத்து செக்கன் அமத்திப் பிடிச்ச பட்டின். இந்தப் பட்டினில ஒரு கீறல் இல்லாமல் சந்தனம் காய்ஞ்சிருக்கு. பூசைக்குப் பிறகு இந்த மெசினை ஒரு மனுசரும் போடேல்ல. இது ஸ்டோர் றூமில கிடந்த வேற மெசின். இவர் எல்லாச் சாமானுக்கும் வைக்கிற மாதிரி அதுக்கும் ஒரு பொட்டு வச்சிருக்கிறார். வெளியைத் துடைச்சவர் பொட்டைத் துடைக்கேல்ல. பக்தி!"

"அன்ரி!" றொசாந்தி வாயில் கை வைத்தாள். "ரெண்டு மெசின் ஒண்டாய் வாங்கினது. மற்றது ரெண்டு வருசத்துக்கு முதலே செத்துப்போச்சு!"

அம்பலவாணன் கை தட்டியே விட்டார். ஆனால் சச்சிதானந்தன் அழவில்லை. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். கழுத்துப்பட்டியைத் தடவினார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் போத்தலில் அடைத்துக் கரப்பான்பூச்சிக்கு அடிக்கலாம்.

"சரி அக்கா. இது பழைய மெசின்தான். எரிஞ்சதை நான் குப்பைக்குக் குடுத்திட்டன். சவிரிமுத்தருக்குக் காட்டுறதுக்கு ஒண்டு வேணுமே, அதுதான் இதை எடுத்து வச்சனான். அதால என்ன? ஃபைல் இல்லை. இனி வராது. நேரத்தைப் பாருங்கோ."

சுவர் மணிக்கூட்டில் நாலு மணி ஐந்து நிமிடம்.

சவிரிமுத்து இரண்டே அடியில் மேசைக்கு வந்துவிட்டார். முப்பது வருடம் வலை இழுத்த கைகள் மேசை விளிம்பைப் பிடித்தன. மேசை முனகியது. அம்பலவாணன் அவரை இடுப்போடு கட்டிப் பிடித்தார். ஓடுகிற பஸ்ஸைப் பின்னால் நின்று பிடிப்பது போலிருந்தது என்று பிறகு சொன்னார்.

"விடுங்கோ என்னை! இவன்ர கதையைக் கேட்டு நான் என்ர பிள்ளையோட ஒன்பது நாள்..."

வசனம் முடியவில்லை. றொசாந்தி தலை குனிந்துகொண்டாள்.

டொலறஸ் மட்டும் அந்தச் சண்டையைப் பார்க்கவில்லை. மூலையில் எரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, விளக்கு ஒவ்வொரு நாளும் கொளுத்துறனீரோ?"

"ஒரு நாளும் தவறுறதில்லை," சச்சிதானந்தன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "பதினொரு வருசம்."

"இதே மூலையிலதானோ?"

"இதே மூலையிலதான்."

டொலறஸ் எழும்பிப்போய் விளக்குக்குப் பக்கத்தில் நின்றார். விளக்கின் சுடர் அவருடைய நெஞ்சுக்கு நேரே எரிந்தது. சுவரில் பதினொரு வருடத்துப் புகைக்கறை, கறுப்பு நாக்குப் போல, அவருடைய இடுப்புக்கு நேரே முடிந்திருந்தது. சுடருக்கு மேலே சுவர் பால் போல வெள்ளை.

"எங்கட மன்னாரில புகை மேல போறது," என்றார் டொலறஸ். "குரோய்டனில கீழ போகுதோ?"

சச்சிதானந்தனின் கை கழுத்துப்பட்டியிலேயே நின்றுவிட்டது.

"விளக்கு வளர்ந்திருக்கு, அம்பலண்ணை. ஒரு முழம் வளர்ந்திருக்கு. பலகைக்கும் பட்டுக்கும் நடுவில என்ன இருக்கெண்டு எனக்குப் பாக்கவேணும். ஆனால் வேதக்காரி நான் சாமிப் படத்தில கை வைக்கிறது முறையில்லை. நீங்கள் எடுங்கோ."

அம்பலவாணன் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. "தாயே, நான் வெறும் டிரைவர்தான், குறை நினையாதேயும்," என்று சொல்லி விளக்கை இறக்கி, படத்தை இரண்டு கையாலும் ஏந்தி யன்னலோரம் வைத்தார். பட்டின் ஒரு முனையைச் சவிரிமுத்து பிடித்தார். வலை இழுக்கிற இழுவை. ஒரே இழுப்பு.

உள்ளே கறுப்புக் கணினிப் பெட்டி நிமிர்ந்து நின்றது. பவர் பட்டினில் பொட்டு இல்லை. பட்டினைச் சுற்றி, விரல் தொடாத ஓரத்தில் மட்டும், மங்கலாக ஒரு சிவப்பு வளையம்.

"என்ர மெசின்!" றொசாந்தி கத்தினாள்.

"குப்பைக்குக் குடுத்ததெண்டீர்?" என்றார் டொலறஸ்.

சச்சிதானந்தனின் குரல் நூல் போல வந்தது. "கொண்டுபோனனான் அக்கா. தொட்டிக்குப் பக்கத்தில நிண்டனான். கலைமகளுக்கு வச்ச சாமான். எறிய மனம் வரேல்ல."

"மனுசனை எறிய மனம் வந்துதோடா!"

அந்தச் சத்தத்துக்குக் கீழே தெருவில் போன ட்ராம் மணியடித்து மன்னிப்புக் கேட்டது.

*

வயரைச் செருகி, றொசாந்தி தன் விரலாலேயே பட்டினை அமர்த்தினாள். ஒரு இரைச்சல் இல்லை, ஒரு முனகல் இல்லை. ஓடுகிறதா என்று அம்பலவாணன் காதை வைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. நாலு மணி இருபத்தொரு நிமிடத்துக்கு வாக்குமூலம் திரையில் வந்தது. திகதி போன வருடம் யூன். றொசாந்தி ஆங்கிலத்தைத் தமிழாக்கி முதல் வரியை வாசித்தாள்.

"நான் பேசாலையில பிறந்தனான். என்ர தொழில் கடல்."

சவிரிமுத்து திரைக்குக் கிட்ட வந்து அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

அதற்குக் கீழே இன்னொரு ஃபைல். பாஸ்கரன் என்ற வேறொரு கட்சிக்காரருடையது. புகையிலைத் தோட்டம், வெள்ளிக்கிழமை, பிள்ளையார் கோயில், எல்லாம் வரிசையாக அங்கே இருந்தன. மூன்றாவது ஃபைல், ஒபிசருக்கு அனுப்பிய ஃபைல், சச்சிதானந்தன் தன் கையாலே செய்தது. மேலே சவிரிமுத்துவின் பெயர். கீழே முழுக்கப் பாஸ்கரனின் வாழ்க்கை.

"பாஸ்கரனின்ர புகையிலையை அள்ளி இவற்ர வள்ளத்தில கொட்டியிருக்கிறீர்," என்றார் டொலறஸ்.

"அண்டைக்குக் கடைசி நாள் அக்கா. இவற்ர கதை நீளம். வெட்டிச் சுருக்க நேரமில்லை. எல்லாற்ற கதையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தானே..."

அந்த வசனத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது. சவிரிமுத்து இந்தத் தடவை பாயவில்லை. மெதுவாக வந்து அவருக்கு முன்னால் நின்றார்.

"ஒரே மாதிரியோ ஐயா? என்ர தம்பி செத்தது கடலில. தோட்டத்தில இல்லை. அந்த ஒபிசர் தோட்டத்தைக் கேட்ட நேரம், என்ர தம்பியைப் பற்றிச் சொல்ல எனக்கு இடமே கிடைக்கேல்ல."

அம்பலவாணனுக்குக்கூடப் பகிடி வரவில்லை. அது இருபத்திரண்டு வருட பஸ் சேவையிலும் நடக்காத அதிசயம்.

"உம்மட லைசென்சைப் பாக்கிற ஆக்களுக்கு நாளைக்குக் கடிதம் போகும்," டொலறஸ் சச்சிதானந்தனிடம் சொன்னார். "பாஸ்கரனுக்கும் ஒண்டு போகும். அந்தாளின்ர புகையிலை இன்னும் எத்தினை பேற்ர வள்ளத்தில ஏறினதெண்டு எனக்கு அறியவேணும்."

நாலு முப்பத்தாறுக்கு மூன்று ஃபைலும் திகதிகளோடு வழக்கறிஞருக்குப் போயின. நாலு நாற்பத்தொன்றுக்குப் பதில் வந்தது. வாக்குமூலம் கிடைத்துவிட்டது, இப்போதே சமர்ப்பிக்கிறேன் என்றிருந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்கு இன்னொன்று வந்தது. சமர்ப்பித்தாயிற்று.

வெளிக்கிடுமுன் டொலறஸ் மேசையில் கிடந்த செத்த கணினியின் பட்டினைக் கட்டைவிரலால் ஒரு அமர்த்து அமர்த்தினார். ஐந்து மாதச் சந்தனம் படக்கென்று உடைந்தது. விரலில் ஒட்டிய குங்குமத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நீட்டினார். அம்பலவாணன் குனிந்து நெற்றியைக் கொடுத்தார்.

"வையும். வீணாக்கக் கூடாது."

*

திரும்பும் ட்ராமில் கூட்டம். சவிரிமுத்துவும் றொசாந்தியும் வேறு வழியில்லாமல் ஒரே இருக்கையில். இரண்டு தரிப்பிடம் வரைக்கும் இருவரும் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். மூன்றாவதில் சவிரிமுத்து வெடித்தார்.

"ஒன்பது நாள்! நான்தான் கதைக்கேல்ல எண்டால் உனக்கு வாயில்லையோ? அந்தப் பட்டின், பென்சில், காத்து டின், இதெல்லாம் என்னட்டச் சொல்லியிருக்கலாம்தானே!"

"சொன்னனான்! நீங்கள் றேடியோச் சத்தத்தைக் கூட்டி வச்சனீங்கள்!"

"அப்ப றேடியோவை நிப்பாட்டியிருக்கலாம்!"

"நிப்பாட்டினனான்! நீங்கள் குளிக்கப் போயிட்டியள்!"

"குளிக்கிற கதவில தட்டியிருக்கலாம்! என்ர அக்கா, கொம்மாவெண்டால் உடைச்சிருப்பாள்!"

"வீட்டுக்கு வாங்கோ, இண்டைக்கு உடைக்கிறன்!"

முழு ட்ராமும் திரும்பிப் பார்த்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, ஒரு சொல் விளங்காமலே ரசிக்கத் தொடங்கினார். இறங்கவேண்டிய இருவர் இறங்காமல் விட்டார்கள்.

"பிரிச்சு விடட்டோ?" என்று அம்பலவாணன் நெற்றிப் பொட்டோடு கேட்டார்.

"சும்மா இருங்கோ அண்ணை," என்றார் டொலறஸ், கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு. "ஒன்பது நாளாய்ப் படுத்திருந்தது. இப்பதான் எழும்புது."